இல்லாத இங்கிலீஷ் படம்

அறுபதுகளில் கடலூரில் இங்கிலீஷ் படம் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சி மட்டும்தான். பார்க்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அதில் பேசுவது புரியாது. அதனால் தியேட்டர்காரர் கதைச் சுருக்கத்தைத் தமிழில் ஒரு பக்கத்துக்கு அச்சடித்து டிக்கெட்டோடு கொடுப்பார். கொலைகாரன் யார் என்பதற்கு ஒரு வரி முன்னால் நிறுத்தி, 'மீதியை வெள்ளித்திரையில் காண்க' என்று முடித்திருக்கும். அந்த நோட்டீஸை எழுதியவன் நான்.

அப்போது சிதம்பரத்தில் பி.ஏ. இங்கிலீஷ் படித்துக்கொண்டிருந்தேன். வீடு மஞ்சக்குப்பத்தில். சனிக்கிழமை ரயிலேறி வந்து நோட்டீஸ் எழுதிக் கொடுத்து, மறுநாள் படம் பார்த்துவிட்டு, சாயங்காலம் ஹாஸ்டலுக்குத் திரும்புவேன். பல படங்களை நான் முன்னால் பார்த்திருக்க மாட்டேன். படப் பெட்டியோடு வரும் விளம்பரத் தாளை வைத்துக்கொண்டு எழுதுவேன். அதில் இல்லாததை நானே நிரப்புவேன். மாமனைச் சித்தப்பா ஆக்கியிருக்கிறேன். வக்கீலை டாக்டர் ஆக்கியிருக்கிறேன். ஒருவரும் வந்து தப்பு என்று சொன்னதில்லை. நான் எழுதியதைப் படித்துவிட்டு உள்ளே போய் அதையே திரையில் பார்த்துவிட்டு வந்தார்கள். ஊரில் எனக்கு 'இங்கிலீஷ் படத்துக்காரர்' என்று பெயர் வந்தது. நான் எது சொன்னாலும் நம்புவார்கள் என்கிற திமிரும் அதோடு சேர்ந்து வந்தது. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பிறகு நடந்ததற்கெல்லாம் இதுதான் விதை.

ஹாஸ்டலில் என் அறைத் தோழன் லால்பேட்டைக்காரன். அவன் அப்பா, 'அத்தா' என்பான், பினாங்கில் இவனுடைய தாய்மாமனின் கடையில் வேலை பார்த்து அங்கேயே மவுத்தாகி அடக்கமாகிப் போனவர். அவன் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் கடல் கடந்து போனவர்கள். அங்கிருந்து வரும் கடிதங்களை எழுத்துத் தெரியாத பெண்களுக்குப் படித்துக் காட்டுவது எட்டாம் வகுப்பிலிருந்தே அவன் வேலை. லீவுக்கு ஊருக்குப் போனால், கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல், இந்தப் பக்கம் இவன், நடுவில் கடிதம். "நல்ல சேதிய சத்தமா படிக்கணும் மச்சான், கெட்ட சேதிய அதவிட சத்தமா படிக்கணும். மெதுவா படிச்சா பயந்துடுவாங்க" என்று ஒரு தடவை சொன்னான்.

அவன் இங்கிலீஷ் படம் பார்த்ததே இல்லை. அதில் பேசுவது புரியாது என்பான். ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்கு முன் நான் கதையைச் சொல்ல, கேட்டுக்கொள்வான். அவன் கேள்விகள் எனக்கு எரிச்சலாக இருக்கும்.

"அந்த வேலைக்காரி அப்பறம் என்ன ஆனா?"

"படம்தான் முடிஞ்சிடுச்சேடா."

"படம் முடிஞ்சிடுச்சு. அவ எங்க போவா? எசமானன் செத்துட்டான், வீட்டப் பூட்டியாச்சு."

அப்படிப்பட்டவன். நான் கத்தி எங்கே இருந்தது என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அவன் கத்தியைக் கழுவியது யார் என்று யோசித்துக்கொண்டிருப்பான்.

மூன்றாம் வருடம் படிக்கும்போது சென்னையிலிருந்து ஒரு படக் கம்பெனியின் கதை இலாகாக்காரர் சிதம்பரம் வந்தார். ஊரில் அவருக்குச் சம்பந்தி வீடு இருந்தது. தியேட்டர்காரர் என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். தெற்கு வீதி லாட்ஜில் தங்கியிருந்தவர் கூப்பிட்டு அனுப்பினார். ஒரு மர்மப் படம் எடுக்கப் போவதாகவும், புதுக் கதை தேடுவதாகவும், பிடித்தால் கதையோடு எழுதினவனையும் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போய் இலாகாவில் சேர்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

"இங்கிலீஷ் படம் மாதிரி இருக்கணும். ஆனா இங்கிலீஷ் படமா இருக்கக் கூடாது. வெளங்குதா?"

விளங்கவில்லை என்று என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அவரே சொன்னார்.

"போன பொங்கலுக்கு ஒரு படம் விட்டோம். அதே பொங்கலுக்கு எதுத்த கம்பெனியும் ஒண்ணு விட்டான். பாத்தா, ரெண்டு பேரும் ஒரே இங்கிலீஷ் படத்த எடுத்திருக்கோம்! ஜனங்க இங்க பாதி பாத்துட்டு அங்க போயி மீதியப் பாத்தாங்க. மொதலாளி என்னை வெட்டாத கொற. இனிமே ஒரு சீன் வேற எங்கயாவது இருந்ததுன்னு தெரிஞ்சா தொட மாட்டேன்."

அறைக்கு வந்து தோழனிடம் சொன்னேன். அவன் பெட்டியைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தான். ஆறு மாதமாக எழுதி வைத்திருந்தானாம். என்னிடம் கூடச் சொன்னதில்லை.

"நானும் வரலாமா மச்சான்?"

எதற்காகக் கேட்கிறான் என்று எனக்குத் தெரியும். பரீட்சை முடிந்ததும் கப்பலேறிப் பினாங்குக் கடைக்கு வந்துவிட வேண்டும் என்று மாமாவிடமிருந்து கடிதம் வந்திருந்தது. அவனுக்குப் போக மனமில்லை. எழுத வேண்டும், இங்கேயே இருக்க வேண்டும். "படக் கம்பெனியில வேலன்னு சொன்னா மாமா திட்டுவாரு, ஆனா விட்டுடுவாரு. சும்மா கத எழுதறேன்னு சொன்னா காதப் புடிச்சிக் கப்பல்ல ஏத்திடுவாரு" என்று சிரித்தான். இலாகாக்காரர் 'ஆகட்டும்' என்று சொன்னால் அவன் இருப்பான். இல்லையென்றால் போவான். அவ்வளவுதான்.

குறித்த நாளில் இருவரும் லாட்ஜுக்குப் போனோம். அவன் லால்பேட்டைக் கொடிக்கால் வெற்றிலை ஒரு கவுளிக் கட்டு கொண்டுவந்திருந்தான். இலாகாக்காரர் போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார்.

முதலில் நான். அந்தக் காலத்தில் சினிமாக்காரர்களுக்குக் கதை சொல்வது ஒரு தனி வித்தை. கதவு கிறீச்சிடுவதையும் இடி இடிப்பதையும் வாயாலேயே செய்தேன். மூன்று இங்கிலீஷ் படங்களை வெட்டி ஒட்டிய கதை அது. ஒன்றிலிருந்து பிணம், ஒன்றிலிருந்து மாடிப்படி, ஒன்றிலிருந்து முடிவு. அவர் தலையை ஆட்டினார். இரண்டு தடவை எழுந்து ஜன்னலுக்கு வெளியே எச்சில் துப்பிவிட்டு வந்தார்.

பிறகு அவன். உட்கார்ந்தபடி, கடிதம் படிக்கிற மாதிரியே சொன்னான். அந்தக் கதையை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

ஒரு சிற்றூர். கணவன் கடல் கடந்து போயிருக்கிறான். மனைவிக்கு எழுத்துத் தெரியாது. பக்கத்துத் தெரு இளைஞன் ஒருவன் அவளுக்குக் கடிதம் படித்துக் காட்டுகிறவன். ஒரு நாள் வந்த கடிதத்தில் கணவன் இறந்துவிட்டான் என்று இருக்கிறது. கதவுக்குப் பின்னால் அவள் சிரித்த குரலில், "என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்கிறாள். அவனுக்கு வாய் வரவில்லை. 'நலம், பெருநாளைக்குத் துணி அனுப்புகிறேன்' என்று படிக்கிறான். நாளை சொல்லிக்கொள்ளலாம் என்று நினைக்கிறான். நாளையும் சொல்லவில்லை. மாதம் ஒரு கடிதம் அவனே எழுதி, அவனே படிக்கிறான். ஒவ்வொரு தடவையும் அவன் படித்து முடித்ததும் அவள் கேட்பாள்: "வேற ஒண்ணும் எழுதலயா தம்பி?" "இல்ல." "சரி தம்பி."

ஒரு நாள் நிஜமாகவே அவன் பெயருக்கு ஒரு கடிதம் வருகிறது. செத்துப்போனவனின் கையெழுத்து. 'எனக்குப் பதிலாக நீ எழுதும் கடிதங்கள் எனக்குத் தெரியும்' என்று இருக்கிறது. அடுத்த மாதம் இன்னொன்று. 'நீ எந்த விளக்கடியில் உட்கார்ந்து எழுதுகிறாய் என்று தெரியும்.' மூன்றாவதில், கப்பலில் வருவதாகவும் ஸ்டேஷனில் வந்து நிற்கும்படியும் இருக்கிறது. அவன் போய் நிற்கிறான். ரயில் வருகிறது. ஒவ்வொருவராக இறங்குகிறார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறான். வண்டி போய்விடுகிறது. யாரும் இல்லை. திரும்பினால், பிளாட்பாரத்தின் கோடியில் வெள்ளைத் துப்பட்டியில் அவள். கையில் அந்த முதல் கடிதம், சாவைச் சொன்ன கடிதம். அதைச் சத்தமாக, எழுத்துக் கூட்டாமல், கடகடவென்று படிக்கிறாள்.

மகள் பள்ளிக்கூடம் போன வருடத்தில் மகளோடு உட்கார்ந்து எழுத்துக் கற்றவள் அவள். கணவனுக்குத் திடீரென்று தன் கையால் கடிதம் எழுதி ஆச்சரியப்படுத்த வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். முதல் நாள் அந்த இளைஞன் மறந்து வைத்துவிட்டுப் போன கடிதத்தை அன்றைக்கே படித்துவிட்டாள். கணவனின் பழைய கடிதங்களைப் பார்த்துப் பார்த்து அவன் கையெழுத்தைப் பழகினாள். அத்தனை மாதமும், இளைஞன் தானாக வாய் திறந்து சொல்லட்டும் என்றுதான் 'வேற ஒண்ணும் எழுதலயா' என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவன் சொல்லி முடித்தபோது இலாகாக்காரரின் கன்னம் உப்பியபடியே இருந்தது. துப்ப எழுந்திருக்கவே இல்லை. வெற்றிலைச் சாற்றை அப்படியே விழுங்கிவிட்டு இருமினார். அந்த இருமல் முடிவதற்குள் என் கதை செத்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு இன்னொன்றும் தெரிந்தது. அது என் கதையைவிட நல்ல கதை என்பது மட்டுமில்லை. நான் பார்த்த எந்த இங்கிலீஷ் படத்திலும் இல்லாத கதை. அதை உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த அறையில் நான்தான்.

அவர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"தம்பி, பிரமாதமா இருக்கு. அதான் பயமா இருக்கு. நீதான் இங்கிலீஷ் படமெல்லாம் பாக்கறவன். உள்ளதச் சொல்லு. இது எதுலேந்தாவது எடுத்ததா?"

ஆமாம் என்றேன்.

திட்டம் போட்டுச் சொன்னதில்லை. ஆனால் சொன்ன பிறகு என் வாய் நிற்கவில்லை. புதுச்சேரியில் பார்த்ததாகச் சொன்னேன். பணக்காரக் குருட்டுப் பெண்மணி ஒருத்தி. அவளுக்கு ஒரு வக்கீல் கடிதங்களைப் படித்துக் காட்டுகிறான். மகன் இறந்துபோன சேதியை மறைக்கிறான். கடைசியில் பார்த்தால் அவள் குருடே இல்லை. "குருட்ட எழுத்து தெரியாதவளா மாத்தியிருக்கான் சார், அவ்வளவுதான்." நோட்டீஸ் எழுதிப் பழகின கை. அப்படி ஒரு படம் கிடையாது. அன்றைக்கும் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

அவர் நெற்றியில் தட்டிக்கொண்டார். "அட, அந்தக் குருட்டுப் பொம்பள படமா! நானும் கேள்விப்பட்டிருக்கேன்யா!"

நான் ஒரு நிமிடம் முன்னால் உண்டாக்கியதை அவர் கேள்விப்பட்டிருந்தார்.

உள்ளே போய் அவனிடம் சொன்னார். அதட்டவில்லை. "நல்லாத்தான் சொன்னே தம்பி. ஆனா அடுத்தவன் சரக்கு நமக்கு வேணாம்." அவன் என்னைப் பார்த்தான். எந்தப் படம் என்று கேட்டான். அவர் முன்னால் நான் மறுபடியும் முழுக்கதையையும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்பது போலவே வாயைத் திறந்தபடி கேட்டான். நான் முடித்ததும் அவன் ஒன்று கேட்டான்.

"இத நீ எனக்குச் சொல்லியிருக்கியா மச்சான்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். 'தற்செயலா ரெண்டும் ஒண்ணா இருக்குடா' என்று சொல்லியிருந்தால்கூட அவனுக்கு அவன் மேலாவது நம்பிக்கை மிஞ்சியிருக்கும். கதை போனாலும் எழுதியவன் மிஞ்சியிருப்பான்.

"சொல்லியிருக்கேனே. போன வருஷம்" என்றேன்.

கேட்டதை மறந்து, அதையே தன் கற்பனை என்று நினைத்து எழுதிவிட்டதாக அவன் நம்புவது கண்ணெதிரில் நடந்தது. அவன் தெருப் பெண்களின் கதவுகள், அவன் படித்த கடிதங்கள், அவன் அத்தாவின் மவுத்துச் சேதி வந்த கடிதம். அதைத் தன் உம்மாவுக்குப் படித்துக் காட்டியவனும் அவன்தான். அதெல்லாம் இருந்தும் என் ஒரு வார்த்தைக்காகத் தன்னைத் திருடன் என்று எண்ணிக்கொண்டான்.

"எனக்கே தெரியாம எடுத்துட்டேன் போல இருக்கு சார். மன்னிச்சுக்குங்க" என்றான். என் பக்கம் திரும்பி, "ஒனக்கும் தலகுனிவு மச்சான். மனசுல வச்சுக்காத" என்றான்.

வெளியே வரும்போது இலாகாக்காரர் என் முதுகில் தட்டி, "உன்னோடது?" என்று கேட்டார். "சொந்தக் கதை" என்றேன்.

பரீட்சை முடிந்த அடுத்த மாதமே அவன் கப்பல் ஏறினான். வழியனுப்ப நான் போகவில்லை. சென்னையில் வேலை என்று எழுதிவிட்டேன்.

என் கதை படமானது. கடலூரில் வெளியான அன்று முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். பெயர் வரிசையில் கதை இலாகா என்று ஏழு பேர். ஏழாவது நான். இடைவேளைக்குப் பிறகு மாடிப்படிக் காட்சி வந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "டேய், இது அந்த ஞாயித்துக்கெழம படம்டா! நோட்டீஸ்லயே படிச்சோமே!" கொட்டகை முழுக்கச் சிரித்தது. என் நோட்டீஸைப் படித்தவர்கள்தான். இரண்டு வாரத்தில் படத்தைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள். இலாகாவும் என்னை எடுத்துவிட்டது. கடலூருக்கே திரும்பி ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராகச் சேர்ந்தேன்.

பொய் மட்டும் திரும்பவில்லை. அது ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு நாள் ஆசிரியர் அறையில் கணக்கு வாத்தியார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"லால்பேட்டப் பையன் ஒருத்தன் சார், இங்கிலீஷ் படத்த அப்படியே காப்பி அடிச்சு சினிமாக்காரங்ககிட்டயே வித்துடப் பாத்தான். குருட்டுப் பொம்பள படம். நான் பெங்களூர்ல பாத்தேன். நீலக் கண்ணாடி போட்டுக்கிட்டு என்னமா நடிச்சிருப்பா தெரியுமா!"

நீலக் கண்ணாடி நான் சொன்னதில்லை. அவராகச் சேர்த்தது. என் வாழ்க்கையில் எந்தப் படத்திலிருந்தும் எடுக்காமல் நான் உண்டாக்கியது அந்த ஒரு படம்தான். அதற்குத்தான் ரசிகர்கள் கிடைத்தார்கள். நான் பரீட்சைத் தாளைத் திருத்திக்கொண்டே இருந்தேன்.

அவன் மூன்று வருடம் கழித்து நிக்காஹுக்கு ஊர் வந்தான். லால்பேட்டையில் விருந்து. தன் பக்கத்தில் என்னை உட்காரவைத்து, தன் தாலாத் தட்டிலிருந்து கறியை எடுத்து வைத்தான். பழைய பேச்சு எதுவும் வரவில்லை. நோட்டு என்ன ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை. ஐம்பது நாள் இருந்துவிட்டுத் திரும்பினான். நாகப்பட்டினத்தில் கப்பல். சிதம்பரத்திலிருந்து ரயில். இந்தத் தடவை நான் ஸ்டேஷனுக்குப் போனேன்.

பிற்பகல். சொந்தக்காரர்கள் பெட்டிகளைச் சுற்றி நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் என்னைக் குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான்.

"பினாங்குல இங்கிலீஷ் படம் ஜாஸ்தி மச்சான். கட லீவுன்னா தியேட்டர்தான். இப்ப எனக்கே பாதி புரியுது."

"பரவால்லயே."

"ஒரு சீனன் இருக்கான், ஆபரேட்டர். வயசானவன். எந்தப் படத்தப் பத்திக் கேட்டாலும் சொல்லுவான். அந்தக் குருட்டுப் பொம்பள படத்தக் கேட்டேன். அவனுக்குத் தெரியல. இன்னும் ரெண்டு மூணு பேரையும் கேட்டேன். அப்படி ஒரு படம் வரவே இல்லேங்கறாங்க."

"பழைய படம். சின்னக் கம்பெனி எடுத்தது" என்றேன்.

"அப்படியா."

குழாயைத் திறந்து கை கழுவினான். கழுவின கையையே மறுபடியும் கழுவினான். வண்டிக்கு மணி அடித்தார்கள். அவன் என் முகத்தைப் பார்த்தான். கோபம் இல்லை. வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே வரப்போகிறவனுக்காக நிற்கிற முகம்.

"வேற ஒண்ணும் இல்லயா மச்சான்?"

வண்டி போன பிறகுதான் அந்தக் கேள்வி எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு உறைத்தது என்று பல வருடங்களாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். கேட்ட கணத்திலேயே தெரிந்தது. அவன் கதையின் வரி. கதவுக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் கேட்கும் வரி. அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, நானாகச் சொல்வதற்கு ஒரு சந்தர்ப்பம் கொடுக்கிறான் என்பதும் தெரிந்தது. முதல் பொய்யை ஆசையில் சொன்னேன். வயது இருபது. இதை இருபத்து நாலு வயதில், பாடம் நடத்துகிற வாத்தியாராக, நன்றாகத் தெரிந்தே சொன்னேன்.

"ஒண்ணும் இல்ல. ஒடம்பப் பாத்துக்க."

"சரி மச்சான்" என்றான்.

ஏறிக்கொண்டான். ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லோருக்கும் கையசைத்தான். எனக்கும்தான். பிறகு எத்தனையோ தடவை ஊர் வந்து போயிருக்கிறான். பெருநாளைக்கு வாழ்த்து அனுப்புவான். அந்தக் கேள்வியை மட்டும் மறுபடி கேட்கவில்லை. ஒரு வரிகூடப் பிறகு அவன் எழுதவில்லை என்று அவன் உம்மா சொல்லித்தான் தெரியும். போன வருடம் பினாங்கிலேயே மவுத்தாகிவிட்டான். எனக்கு எண்பது தாண்டிவிட்டது.

அவன் மகள் லால்பேட்டையில் இருக்கிறாள். இதை எழுதி முடித்ததும் முதல் பிரதியை அவளுக்குத்தான் அனுப்புகிறேன். அவளைக் கேட்காமல் அவன் பெயரைப் போட எனக்கு உரிமை இல்லை. என் பெயரைப் போட்டால் ஊர்க்காரர்கள் அவன் பெயரைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் இதில் எந்தப் பெயரும் இல்லை. உறையின் மேல் மட்டும் அவள் பெயரை எழுதி, உள்ளே தனித் தாளில் இரண்டு வரி வைத்திருக்கிறேன்: 'இதில் வரும் கடிதக் கதை உங்கள் அத்தா எழுதியது. அப்படி ஓர் இங்கிலீஷ் படம் கிடையாது.'